பள்ளத்து லயத்து முருங்கை

முருங்கை பிடிக்காத மண் என்று ஒன்று உலகத்தில் உண்டா? ஒரு போத்தை வெட்டி மண்ணில் குத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாலும் அது பாட்டுக்குத் துளிர்த்துவிடும். வேலி என்று நட்டால் மரமாகிவிடும். மாடு கட்ட முளையாக அடித்தால்கூட மாட்டுக்கு நிழல் தரும். அப்பேர்ப்பட்ட முருங்கைதான் செல்லாயி வீட்டுப் பின்பக்கத்தில் மூன்றாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தது.

மலாயாவில், பீடோரிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால் வருகிற ரப்பர் தோட்டம் அது. குன்றின் உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே கணக்கெழுதுகிற கிராணியின் வீடு, எல்லாவற்றுக்கும் கீழே ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசை வீடுகள், அதாவது லயம். மழைத்தண்ணீர் எந்த ஒழுங்கில் இறங்கி வருமோ அதே ஒழுங்கில் மனிதர்களையும் குடிவைத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு முந்திய வருஷத்துக் கதை இது.

"இதென்னாடி அதிசயமா இருக்கு?" என்றாள் காளியம்மா. லயத்தின் மேல்கோடி வீட்டுக்காரி. முருங்கைப் போத்துகள் அவள் வீட்டு மரத்தில் வெட்டியவைதான். "எங்க வீட்டுல வெட்டிப் போட்ட கட்டை குப்பையில கெடந்தே தழையுது. ஒனக்கு மட்டும் என்னா வந்திச்சு? தண்ணி ஊத்துறியா இல்லையா?"

"ஊத்தாம இருப்பனாக்கா? காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன ஒரு வாளி. சாயங்காலம் ஒரு வாளி. வெயிலு அடிச்சா மத்தியானமும்."

"அடிப்பாவி, அது செடியா எருமையா?"

காளியம்மா சிரித்தாள். செல்லாயி சிரிக்கவில்லை. முந்தானையால் அந்தக் குச்சியின் மேலிருந்த மண்ணைத் துடைத்தபடி, "புள்ளைக்குத் தாகமா இருக்கும்லக்கா" என்றாள்.

செல்லாயியின் ஒரே மகள் நவமணி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்த வயசு. வருஷத் தொடக்கத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்து நாலு நாளில் கொண்டுபோய்விட்டது. பால்குடி மறக்காத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். வீட்டுப் பின்பக்கம் புதைத்து, மேலே ஒரு செடியை வைப்பார்கள். செடி தழைத்தால் அந்தப் பிள்ளையே திரும்ப வயிற்றில் வந்து தங்கும் என்பது லயத்துப் பெண்களின் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க முருங்கைக்கீரை கொடுப்பார்கள். அந்தக் கீரையைத் தின்றுதான் நவமணிக்குப் பால் கொடுத்தாள். அதனால்தான் முருங்கையையே நட்டாள். மூன்று போத்தும் அடியில் கறுத்து, கொழகொழத்து அழுகிப்போயின.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம். மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது, அடுப்புச் சாம்பலைப் போடு என்றாள் ஒருத்தி. மக்கிய சாணி போடு, மீன் கழுவின தண்ணீரை ஊற்று என்றாள் இன்னொருத்தி. கண்ணேறு, பழைய செருப்பைக் கட்டு என்றார் ஒரு கிழவர். செல்லாயி ஒன்று விடாமல் செய்தாள். சாம்பலும் சாணியும் மீன்தண்ணீரும் சேர்ந்து அந்த இடம் முழுக்க ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவன் அவள் புருஷன் பத்துமலை. அவன் வாயைத் திறந்திருந்தால் ஒரே பேச்சில் விஷயம் முடிந்திருக்கும். ஏனென்றால் அந்தத் தோட்டத்திலேயே மண்ணைப் பற்றித் தெரிந்த ஆள் அவன்தான். கான் வெட்டுவது அவன் தொழில். ரப்பர் மரத்தின் வேரில் தண்ணீர் தேங்கினால் மரம் போய்விடும். அப்படித் தேங்குகிற இடம் பார்த்து வாய்க்கால் வெட்டி வடியவிடுகிறதைத் தோட்டத்தில் கான் வெட்டுவது என்பார்கள். இலை பழுக்கிற விதத்தைப் பார்த்தே, இது தண்ணீர் தேங்கின கோளாறு, இது மண் வறண்ட கோளாறு என்று பத்துமலை சொல்லிவிடுவான். முதல் குச்சி கறுத்தபோதே அவனுக்குத் தெரியும், பின்பக்கத்து மண் செத்த மண் என்று. அதற்கும் முன்னாலேயே, பிள்ளை செத்த அன்றைக்கே தெரியும்.

அன்றைக்கு செல்லாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆத்தோரத்துக் காட்டுக்குக் கொண்டுபோவாதீங்க மாமா. பன்னி தோண்டிப்புடும். பின்னாலயே வெச்சிருங்க. அடுப்படியில நின்னுக்கிட்டுப் பாத்துக்குவேன்."

"சரி புள்ள" என்றான்.

பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை. பின்பக்கம் பத்துமலையும், கூடவே கான் வெட்டுகிற சின்னையாவும் மட்டும். சின்னையா காளியம்மாவின் புருஷன். முழங்கால் ஆழம் வெட்டியதும் நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் கசிந்தது. தகர டப்பாவால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. ஆற்றின் மேற்பக்கத்தில் ஈயம் தோண்டி எடுக்கிறவர்கள் கழுவிவிடுகிற மணல் ஆற்றை மேடாக்கிக்கொண்டே வந்ததால், ஆற்றுத் தண்ணீர் லயத்து மண்ணுக்கடியில் வந்து உட்கார்ந்திருந்தது. பத்துமலை பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்தான். செல்லாயியின் பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தார்கள். ஒரு வாழைத்தார் கனம்கூட இல்லை.

"என்னா மச்சான் செய்ய?" என்றான் சின்னையா.

"இதுல வெக்கமாட்டேன்."

"செல்லாயி கேட்டா?"

"பொறவு சொல்லிக்கலாம்."

குன்றுச் சரிவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் காய்ந்து பொடிப்பொடியாக இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வந்து, பின்பக்கத்து வெறும் குழியை மூடி, மேலே மண்ணைக் குவித்துத் தட்டிவிட்டான் பத்துமலை. ஏன் குவித்தான் என்று அவனையே கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு அவள் வந்து பார்ப்பாளே என்ற ஒரே நினைப்புதான். அந்த 'பொறவு' என்கிற நாள் வரவேயில்லை. சொல்லலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருப்பாள். போகும்போது ஏதோ பேசிக்கொண்டே போவாள். அவனிடம் பேசுகிற பேச்சில்லை அது.

மூன்றாவது குச்சியும் போனதும் பத்துமலையால் சும்மா இருக்க முடியவில்லை. வேலை விட்டு வரும்போதெல்லாம் குன்றிலிருந்து கூடை கூடையாகச் செம்மண் சுமந்து வந்தான். அடியில் ஓட்டாஞ்சில்லும் தேங்காய் மட்டையும் பரப்பி, அதன்மேல் செம்மண்ணைப் போட்டு இடுப்பளவுக்கு மேடு கட்டினான். பள்ளத்துக்காரன் செய்யக்கூடிய வேலை அதுதான். தண்ணீரைக் கீழே தள்ள முடியாவிட்டால் செடியை மேலே தூக்கு.

"எங்கேருந்து மாமா மண்ணு?"

"மேலேருந்துதான். நல்ல மண்ணு."

"நல்லா வாசமா இருக்கு" என்று ஒரு கை அள்ளி முகர்ந்தாள். பத்துமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலாவது போத்து பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விடிகாலை செல்லாயி கத்திய கத்தலில் லயமே எழுந்து வந்துவிட்டது. கணுவில் பச்சைப் பசேலென்று துளிர். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அடுப்படியில் உப்பு சரியாக விழுந்தது அன்றைக்குத்தான். பத்துமலை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "வாரா மாமா. திரும்பி வாரா" என்றாள். வெட்கப்பட்டாள். கல்யாணத்தன்று வெட்கப்பட்டது போலவே இருந்தது. அப்பனே முருகா, இந்தப் பொய் இப்படியே உண்மையாகிவிடட்டும் என்று அவன் மனசார வேண்டிக்கொண்டான். பத்துமலைக் குகைக் கோயில் முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை அவன். அந்தப் பெயருக்காவது சாமி கேட்டிருக்கலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முருங்கை வேர் மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, அடிமண்ணைத் தொட்டது. அடி இலை பழுத்தது. பிறகு நடு இலை. ஒவ்வொன்றாகக் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. பெரட்டு இல்லாத நாள். மழை விட்டிருந்தது. செல்லாயி செடிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். காளியம்மா பால் விடாத வரக்கோப்பியை ஊதிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் வாயில் காவல் கிடையாது.

"புள்ளைக்கு ஏதோ மனத்தாங்கல்டி. அதான் தங்கமாட்டேங்குது."

"எம்மேலதான்க்கா" என்றாள் செல்லாயி. "ரப்பர் பால் வெட்டப் போவணும்னு, புள்ளைங்களப் பாத்துக்குற ஆயாக் கொட்டகையில போட்டுட்டுப் போனேன்ல. கால்ல கட்டிக்கிட்டு அழுவும். பிரிச்சுப் போட்டுட்டு ஓடுவேன். காய்ச்ச அடிச்ச அன்னைக்கும் போட்டுட்டுத்தான் போனேன். அதான் எங்கிட்ட வர மாட்டேங்குது."

பத்துமலைக்குக் கேட்கச் சகிக்கவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலிகளை மேய்க்கிற தண்டல் விட்டுவிடுவானா? பெற்றவள் செய்த குற்றம் என்ன? மண்ணுக்கு வந்த கோளாறுக்கு இவள் தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளே என்று இருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஏ புள்ள, இங்க பாரு. ஒங்குத்தமும் இல்ல, புள்ள குத்தமும் இல்ல. இந்த மண்ணு குத்தம்."

செடியிலிருந்து நாலடி தள்ளி வெட்டினான். மேல்மண் கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் நீலம் பாய்ந்த களிமண். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினான். முறுக்கு மாவு மாதிரி கயிறாக நீண்டது, அறுபடவே இல்லை.

"பாத்தியா? ஒடைய மாட்டேங்குது. நல்ல மண்ணுன்னா உதிரணும். மோந்து பாரு."

"கூமுட்டை நாத்தம் அடிக்குது."

"அதான்! தண்ணி நின்னு நின்னு மண்ணு மூச்சு விடாமப் போச்சு. வேரு மூச்சு விடலைன்னா அழுவிரும். ரப்பர் மரத்துக்கே இந்தக் கதிதான். சாம்பலைப் போட்டு என்னா, சாணியப் போட்டு என்னா? மொதல்ல தண்ணி வடியணும்." அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. மனைவியிடம் இவ்வளவு நீளமாக அவன் பேசியதே கிடையாது. "இந்தா, இந்த ஓரமா ஒரு கான் இழுத்து, முன்பக்கத்து லோங்காங்குச் சாக்கடையில விட்டுப்புடலாம். மழை விட்டொடனே சுட்ட மண்ணும் சாம்பலும் கலந்து போட்டா மண்ணு பொலபொலன்னு ஆயிரும். அப்பறம் குச்சி என்னா, தென்னையே வெக்கலாம்லா."

வெட்டிய குழியில் தண்ணீர் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. செல்லாயி அதையே பார்த்தாள்.

"எப்பவும் இப்பிடித்தான் நிக்குமா மாமா?"

"எப்பவும்தான். வெயிலு காலத்துலயும் அடியில இருக்கும்."

"இது எம்புட்டு ஆழம்?"

"முழங்கால் ஆழம்கூட இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"நவமணிய எம்புட்டு ஆழத்துல வெச்சீங்க?"

பத்துமலை மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். பெரிய கெட்டிக்காரனாக மண்ணை உருட்டிக் காட்டியவன், அவள் பழியை இறக்கி வைக்கப் போய், பிள்ளையைத் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டான்.

"அப்ப எம்புள்ள இத்தனை மாசமா தண்ணியிலயா கெடக்கு?" என்றாள் செல்லாயி. "நான் வேற வாளி வாளியா மேல ஊத்தியிருக்கேனே, மாமா?"

அதற்குப் பிறகு அவள் வாளியைத் தொடவில்லை. சோற்றையும் தொடவில்லை. மழை வந்தால் அடுப்படி வாசலில் போய் நின்றுவிடுவாள். சாரல் அடித்தாலும் நகரமாட்டாள். "சின்னப் புள்ள. குளுரும்" என்பாள். பால் வெட்டப் போய் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். தண்டல் திட்டியது அவள் காதிலேயே ஏறவில்லை. பத்துமலையிடம் ஒரே பேச்சுதான்.

"தோண்டி எடுத்துக் காஞ்ச எடத்துல வெச்சிருங்க மாமா."

"வெச்சதை எடுக்கக் கூடாது புள்ள. பாவம்."

"தண்ணியில போட்டு வெக்கிறது மட்டும் பாவம் இல்லையா?"

கான் வெட்டுகிற இடத்தில் சின்னையா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"சொல்லிப்புடு மச்சான். மேட்டுலதான் இருக்கு, காஞ்ச மண்ணுலதான் வெச்சோம்னு சொல்லு. அழுவா. அடிப்பா. அப்பறம் மனசு ஆறிரும்."

"எடத்தக் காட்டுன்னுவா. எதைக் காட்டுவேன்?"

சின்னையா தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். தோட்டத்தில் ஒரு புல் இருக்கக்கூடாது என்பது துரையின் உத்தரவு. ரப்பர் மரத்துக்கடியில் களை எடுத்து எடுத்து, பெருக்கிய வாசல் மாதிரி வைத்திருந்தார்கள். பிடித்துக்கொள்ளப் புல் இல்லாத மண் சரிவில் எப்படி நிற்கும்? ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அந்தச் சரிவு மரத்தோடு வழுக்கி ஓடைக்குள் இறங்கிவிட்டது. மழை விட்டதும் பத்துமலை ஓடிப் போய்ப் பார்த்தான். அடையாளத்துக்கு வைத்த கல் இல்லை. மரம் இல்லை. மேல்மண்ணே இல்லை. ஓடையில் இறங்கி அன்றைக்குச் சாயங்காலம்வரை சேற்றைத் துழாவினான். மறுநாளும் போய்த் துழாவினான். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மேட்டில் கொண்டுபோய் வைத்தான். மேட்டில் மண்ணே நிற்கவில்லை. மண்ணைத் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் தன் பிள்ளைக்கு மட்டும் இடம் பார்க்கத் தெரியாதவனாகிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து திரும்பியபோது பின்பக்கத்தில் காளியம்மா நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"வா தம்பி, சீக்கிரம் வா. சொன்னாக் கேக்க மாட்டேங்குறா."

மேடு இல்லை. அவன் சுமந்து கொட்டிய செம்மண் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. முருங்கைக் குச்சி ஒரு மூலையில் கிடந்தது. நடுவே, தொடையளவுக் குழிக்குள் செல்லாயி நின்றுகொண்டிருந்தாள். மண்வெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குனிந்து, கலங்கல் தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வெட்டினால் பிள்ளைமேல் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டியிருந்தாள். நகக்கண்ணெல்லாம் ரத்தம்.

அவனைப் பார்த்ததும் அழுதாள்.

"கெடைக்கல மாமா. துணிகூடக் கெடைக்கல. கரைஞ்சிட்டாளா? எம்புள்ள கரைஞ்சே போயிட்டாளா?"

பத்துமலை குழிக்குள் இறங்கினான். அவளுடைய இரண்டு கையையும் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே எடுத்தான்.

"இங்க இல்ல புள்ள."

"என்னா?"

"நவமணி இங்க இல்ல. அன்னைக்கே இங்க வெக்கல. தண்ணி ஊறிச்சு. எனக்கு மனசு வரல. மேல கொண்டுபோயி வெச்சேன். காஞ்ச மண்ணுல."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

"அப்ப இத்தனை மாசமா நான் யாருக்குத் தண்ணி ஊத்துனேன்?"

அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"தெனம் பேசுவனே மாமா. காலைல எந்திரிச்சா மொதப் பேச்சு அவகிட்டத்தான். பாப்பா எந்திரிச்சிட்டியா, அம்மா வேலைக்குப் போயிட்டு வாரேன், அழுவாம இருன்னு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்தீங்க? ஒரு நாளாச்சும் 'அங்க யாருமில்ல புள்ள'ன்னு சொல்லத் தோணலையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அவ அங்க தனியாக் கெடந்திருக்கா. இன்னும் வரலியே வரலியேன்னு பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பா. ஆயாக் கொட்டகையில பாத்துக்கிட்டுக் கெடப்பாளே, அதே மாதிரி." குரல் அதோடு உடைந்தது. சின்னையா வந்து இரண்டு பேரையும் குழியிலிருந்து கைகொடுத்துத் தூக்கினான்.

கை கழுவச் சொன்னாள் காளியம்மா. செல்லாயி கேட்கவில்லை. சேறு வழிய வழிய நின்றுகொண்டு, "எடத்தக் காட்டுங்க" என்றாள்.

குன்றுப் பாதையில் அவன் முன்னால் போனான். அவள் பின்னால் வந்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மழை ஓய்ந்த வெயில் ரப்பர் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்தது. வழியெல்லாம் பத்துமலை வார்த்தையைத் தேடிக்கொண்டே நடந்தான். அகப்படவில்லை. சரிவின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டான். சொல்ல வேண்டியதை அந்த இடமே சொல்லிற்று. பெரிய செம்புண்ணாகச் சரிவு கிழிந்து கிடந்தது. கீழே ஓடைக்குள் தலைகுப்புற விழுந்த மரங்கள். சரிந்துபோன இடத்தின் இரு பக்கமும் வரிசை வரிசையாக ஒன்றுபோல நிற்கிற ரப்பர் மரங்கள்.

"இங்கயா?"

"இந்தப் பக்கம்தான். மழையில போயிருச்சு புள்ள. தேடுனேன். ஓடையில எறங்கித் தேடுனேன். தெரியல."

செல்லாயி அந்தச் சரிவை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். அவளிடம் அழுகை மிச்சமில்லை.

"இங்கயும் தண்ணியா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அவள் அவன் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் பொருள் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஒரு எடத்தக் காட்டுங்க மாமா."

"தெரியலன்னு சொல்றேன்ல புள்ள."

"தெரியாட்டிப் போவுது. சும்மாவாச்சும் காட்டுங்க. வந்து ஒக்கார எனக்கு ஒரு எடம் வேணும்ல?"

இத்தனை மாசமாக அவள் கேட்காமலே பொய்யில் வாழ்ந்தவனுக்கு, அவளே கேட்டபோது கை எழவில்லை. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்துமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினான். கிழிந்த சரிவுக்கு மேலே, இன்னும் நிற்கிற வரிசையில், ஒரு மரத்தடியைக் காட்டினான். அங்கே இல்லை என்று அவனுக்குத் தெரியும். அங்கே இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

செல்லாயி அந்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். சேறு அப்பிய கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இலையை ஒதுக்கிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிதான் இருக்கு" என்றாள்.

"ஆமா."

தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"தலை எந்தப் பக்கம் மாமா?"

அதற்கு அவன் பொய் சொல்ல வேண்டியதில்லை. தன் கையால் கிடத்திய பிள்ளை.

"தெக்க" என்றான்.

அவள் எழுந்து, தெற்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.